மூன்றாம் ஓலை

மார்ச் 6, சாம்பல் புதன்

இன்று ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகர் ஜோயல் ஐயர் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார். லெந்து நாட்கள், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், முடியும்வரை இதில் எழுதிவர வேண்டுமாம். யாரை மன்னிக்க வேண்டியிருக்கிறதோ அவர் பெயரை எழுதி, மனதார மன்னித்த பிறகு பெயரின் மேல் ஒரு கோடு போட வேண்டுமாம். ஐயர் போன ஜூனில்தான் இந்தப் பெத்தேல்விளைக்கு மாறுதலாகி வந்தவர், சின்ன வயது. இந்த ஊரில் எப்பேர்ப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவருக்கு இன்னும் தெரியாது. கோயில் வாசலிலிருந்து என் வீட்டு நடைக்கு வருவதற்குள் நான் எல்லாரையும் மன்னித்து முடித்துவிட்டேன்.

பின்னால் என் சந்ததி யாராவது இதைப் படித்தால் விளங்க வேண்டுமே, அதற்காக எழுதுகிறேன். நான் ஞானாபரணம். ஞானாபரணம் சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர். வயது அறுபத்துமூன்று, பார்த்தால் ஐம்பது சொல்லுவார்கள். படிப்பு ஏறக்குறையப் பத்தாவது. எட்டாவதில் ஒரு வாத்தியார் என்மேல் பொறாமை கொண்டதால் அதோடு நின்றது. பூனாவில் ராணுவத்தில் பதினான்கு மாதம் இருந்தேன். கேன்டீன் பக்கம்தான், ஆனால் நான் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு மூட்டைக் கோதுமை நகராது.

மன்னித்தவர்கள்: என் முருங்கையை வெட்டிய பக்கத்து வீட்டுக்காரர். கோடு. கொடை விழாவில் வேறு செட்டுக்காரனைக் கூப்பிட்டவர்கள். கோடு. என் அக்கா ரத்தினபாயும் அவள் குடும்பமும். இதற்கு இரட்டைக் கோடு போட்டேன், ஏனென்றால் இதுதான் பெரியது. பதினோரு வருஷத்துக்கு முன் அக்கா மகள் பியூலாவுக்குக் கல்யாணம் நிச்சயித்து அழைப்பிதழ் அடித்தார்கள். சொந்தக்காரர் எல்லார் பெயருக்குப் பின்னாலும் பி.ஏ., பி.எட்., ரயில்வே, பேங்க் என்று ஏதாவது வால் இருந்தது. தாய்மாமன் என் பெயர் மட்டும் மொட்டையாக. ராணுவம் என்று போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். போடவில்லை.

அதையும் மன்னித்துவிட்டேன். இந்தச் சேகரத்துச் சபைகளில் இதைவிடப் பெரிய மன்னிப்பு இதுவரை நடந்ததில்லை.

மார்ச் 10, ஞாயிறு

பெரிய வெள்ளிக்கு ஏழு வார்த்தை பேச ஆள் கேட்டார் ஐயர். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழையும் ஏழு பேர் பேசுவது வழக்கம். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கி, முதல் வார்த்தை எனக்கு என்றேன். முதல் வார்த்தை மன்னிப்பைப் பற்றியது. ஐயர் உடனே எழுதிக்கொண்டார். கமிட்டி செயலாளருக்கு அந்நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. இருமி இருமி ஐயர் காதில் ஏதோ சொல்லப் பார்த்தார். பாவம், நெஞ்சுச்சளி.

மார்ச் 13

லெந்து நாள் என்று என் வீட்டுக்காரி புஷ்பம் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டாள். நானும் சுத்த சைவம். பஜாரில் ஒரு ஆம்லெட் மட்டும் சாப்பிட்டேன், வேலையாக வெளியே போனவனுக்கு அது கணக்கில்லை.

மார்ச் 17, ஞாயிறு

புளியை உடைத்துக்கொண்டே புஷ்பம் ஒரு செய்தி சொன்னாள். பியூலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். மாப்பிள்ளை கிருபாகரன், நாகர்கோவில் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். பியூலாவுக்கு இப்போது முப்பத்தைந்து. ஏப்ரல் ஏழாம் தேதி முதல் ஓலை.

ஓலை என்றால், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஐயர் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பார். நூறு வருஷமாக அந்த மூச்சு நேரத்தில் எங்கள் கோயிலில் யாரும் வாயைத் திறந்ததில்லை. நான்தான் திறந்தேன். பியூலாவின் முதல் நிச்சயத்தில், மூன்றாம் ஓலையின்போது.

அதற்குக் காரணம் இருந்தது. பம்பாயிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. என்னோடு பூனாவில் இருந்த ஒரு சுபேதார் எழுதியது, போட்டோவும் வைத்திருந்தார். பம்பாயில் வேலை பார்த்த அந்த மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு என்று. எழுந்து நின்றேன், சொன்னேன். மைக் இல்லாமலே கோபுரம்வரை கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலமே வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றினேன். ஊரே எனக்கு நன்றி சொன்னது, மனதுக்குள்.

புஷ்பம் புளியங்கொட்டையை எண்ணுகிறவள் மாதிரி குனிந்திருந்தாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். நான் எங்க பார்த்தேன், புளியைத்தான் பார்க்கேன் என்றாள்.

மார்ச் 24, ஞாயிறு

மத்தியானம் ஐயர் வீட்டுக்கு வந்தார். யாரோ பழைய கதையை ஓதியிருக்கிறார்கள். சுக்குக் காப்பி குடித்துவிட்டு நேராகக் கேட்டார்.

“அண்ணாச்சி, அந்தக் கடிதம் இப்ப இருக்கா?”

கறையான் அரித்துவிட்டது என்றேன்.

“போட்டோ?”

போட்டோ இருந்ததாகச் சரியாக ஞாபகம் இல்லை. சுபேதார் போட்டோ எடுக்கிற ஆள் இல்லை. அதையும் சொன்னேன், எனக்கு எதற்குப் பொய்?

“கடிதத்தை நீங்களே படிச்சீங்களா, இல்ல யாரும் சொல்லிக் கேட்டீங்களா?”

ராணுவத்தில் படிப்பதும் கேட்பதும் ஒன்றுதான் என்று விளக்கினேன். அவருக்கு ராணுவம் பற்றித் தெரியாது. டம்ளரை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். முதல் வார்த்தையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவாரோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மாற்றவில்லை.

“நீங்களே பேசுங்க. பேசுறதுக்கு முன்னால அந்த நோட்டுல ஒருதடவ முழுசா எழுதிப் பாத்துருங்க.”

என் எழுத்தின் மேல் அவருக்கு அவ்வளவு மதிப்பு.

ஏப்ரல் 2

பேச்சு தயார். பதினாலு பக்கம். கொல்லையில் மைக்கைக் கட்டி ஒருதடவை பேசிப் பார்த்தேன். அக்கா வீட்டார் எனக்குச் செய்த அவமானம் ஆறு பக்கம், நான் மன்னித்த விதம் எட்டு பக்கம். பக்கத்து வீட்டுக் கோழிகூட நின்று கேட்டது. புஷ்பம் புளியை வெயிலில் பரப்பிக்கொண்டே முழுவதும் கேட்டாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏங்க, அவங்க பண்ணது இருக்கு, நீங்க மன்னிச்சது இருக்கு. நீங்க பண்ணது எத்தனாவது பக்கத்துல வருது?”

பெண்களுக்கு மேடைப்பேச்சின் அமைப்பு விளங்காது. அவளையும் மன்னித்தேன். கோடு.

ஏப்ரல் 7, ஞாயிறு

முதல் ஓலை.

கோயிலில் ஆம்ப்ளிபயர் என்னுடையது. அதனால் ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில், தூணோரம் என் இடம். ஐயர் பெயர்களை வாசித்துத் தடையைப் பற்றிக் கேட்டு நிறுத்தினார். அந்த மூச்சு நேரத்தில் சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. முன்னால் இருந்தவர்கள் பின்னால் திரும்பினார்கள், பாடகர் குழு பக்கவாட்டில் திரும்பியது. பிஷப் வந்தபோதுகூட எங்கள் சபை இப்படித் திரும்பியதில்லை. மரியாதை என்பது கேட்டு வாங்குவதில்லை.

பியூலா பாடகர் குழுவில் நின்றாள். நான் மன்னித்துவிட்டதை அவளுக்குத் தெரியப்படுத்த ஒரு சிரிப்பு சிரித்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. பயபக்தியுள்ள பிள்ளை.

ஏப்ரல் 9

கோபுரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கழற்றி இறக்கினேன். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. சுரண்டிச் சுரண்டி இரண்டு மணி நேரம்.

தனியாக வேலை செய்தால் பழசெல்லாம் துல்லியமாக ஞாபகம் வரும். அது சுபேதார் இல்லை. பஜார் சலூனில் முடிவெட்டிக்கொண்டிருந்த ஒருத்தர் சொன்னது. பம்பாயில் அந்தப் பையனை ஒரு பெண்ணோடும் இரண்டு பிள்ளைகளோடும் பார்த்ததாக. அதுவும் ஒரு வகையில் கடிதம் மாதிரிதானே, வாயால் வந்த கடிதம். அந்தப் பையன் அங்கே சொந்த அக்கா வீட்டில் தங்கியிருந்தான், அந்தப் பெண் அவன் அக்கா, பிள்ளைகள் அவள் பிள்ளைகள் என்று பின்னால் தெரியவந்தது. பின்னால் தெரிந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?

குளவி ஒன்று கையில் கொட்டிவிட்டது. மன்னித்தேன்.

ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

பவனிக்கு என் செட்டுதான், சைக்கிள் வண்டியில் பாட்டரியோடு. ஓசன்னா சத்தம் மூன்று ஊருக்குக் கேட்டிருக்கும்.

இரண்டாம் ஓலை. இன்று எனக்குச் செய்த மரியாதையை எழுதியே ஆக வேண்டும். கமிட்டியிலிருந்து இரண்டு வாலிபர்கள் வந்து என் பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். ஒருவன் வாலிபால் விளையாடுகிறவன், கை உலக்கை மாதிரி இருக்கும். ஓலை வாசிக்கத் தொடங்கியதும் அந்தக் கையை என் தோள்மேல் பாசமாகப் போட்டுக்கொண்டான். வாசித்து முடிந்த பிறகுதான் எடுத்தான். கர்னலுக்குத்தான் இப்படி இரண்டு பக்கமும் ஆள் நிற்கும்.

அந்த மூச்சு நேரத்தில் அக்காவைப் பார்த்தேன். பெண்கள் பக்கம் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஐயர் அடுத்த காரியத்துக்குப் போன பிறகும் அவள் உதடு நிற்கவில்லை. தலை முழுக்க நரைத்திருக்கிறது.

ஏப்ரல் 18, பெரிய வியாழன்

சாயங்காலம் நாலரைக்குப் பியூலா வந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. நான் வயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். புஷ்பம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காரல அத்தை. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிருதேன்.”

வந்துவிட்டாள், மன்னிப்புக் கேட்க வந்துவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமிதம். அவளுக்குச் சங்கடம் வேண்டாமே என்று நானே முந்திக்கொண்டேன்.

“நான் உங்க எல்லாரையும் மன்னிச்சாச்சும்மா. நோட்டுல இரட்டைக் கோடு போட்டிருக்கேன். வேணும்னா பாரு.”

“எங்களயா?” என்றாள். நோட்டை ஒருதடவை பார்த்தாள். கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னது விளங்காத பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினாள்.

“மாமா, ஞாயித்துக்கிழம மூணாவது ஓலை. நீங்க எந்திரிக்கக் கூடாது. அத மட்டும் கேக்கத்தான் வந்தேன்.”

“நான் எதுக்கும்மா எந்திரிக்கேன்?”

“அன்னைக்கு எதுக்கு எந்திரிச்சீங்க?”

ஈயம் தரையில் சொட்டிவிட்டது. துடைத்தேன்.

“நான் உங்கள மன்னிச்சு நாலு வருஷமாச்சு. அப்பா அடக்கத்தன்னைக்கு எங்க வீட்டு கேட்டு வரைக்கும் வந்துட்டு, உள்ள வரமாட்டாம திரும்பிப் போனீங்க பாத்தீங்களா, அன்னைக்கே மன்னிச்சுட்டேன். அதுக்காக உங்கள நம்பணும்னு இல்லையே மாமா. கட்டிக்கப்போறவருக்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். அவரு வீட்டாளுங்களுக்குத் தெரியாது. நீங்க எந்திரிச்சா அம்மா அந்த இடத்துலயே விழுந்துரும்.”

பாவம், குழம்பியிருக்கிறாள். யார் யாரை மன்னிக்க வேண்டும் என்பதே பிள்ளைக்குத் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. இருந்தாலும் நான் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினேன். அவள் போன பிறகு புஷ்பம் நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தாள். சட்டினி அரைத்தாள். ரொம்ப நேரம் அரைத்தாள்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

பேசினேன். சபை ஸ்தம்பித்தது.

மைக் ஒருதடவைகூடக் கூவவில்லை. பம்பாய்க் கடிதத்தையும் சொன்னேன். சொல்லும்போது போட்டோவும் தானாக வந்துவிட்டது. பீடத்தில் நிற்கும்போது வார்த்தை அதுவாகவே ஊறுகிறது, நான் என்ன செய்ய? இப்படி உண்மைக்காக எழுந்து நின்றவனை ஒதுக்கிவைத்தார்கள், ஆனாலும் நான் மன்னித்தேன் என்று ஆறாம் பக்கத்தில் குரலை உயர்த்தினேன்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து அக்கா எழுந்தாள்.

“ஏல ஞானம், போதும்.”

அவ்வளவுதான் சொன்னாள். சின்ன வயதில் நான் சோற்றுப் பானையில் கைவிட்டால் இதே குரலில்தான் சொல்லுவாள். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் மணலில் நடந்து போய்விட்டாள். உணர்ச்சி தாங்க முடியவில்லை அவளுக்கு. மற்ற எட்டுப் பக்கத்தை நான் பேசவில்லை. நேரம் கருதி.

வெளியே வந்தபோது யாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கவில்லை. துக்க நாள் அல்லவா.

ஏப்ரல் 20, சனி

அக்காவின் செருப்பு கோயில் வாசலில் கிடந்தது. எடுத்துத் தட்டி, அவள் வீட்டு கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஐயர் முழுசாக எழுதிப் பார்க்கச் சொன்னாரே.

பம்பாயிலிருந்து எனக்குக் கடிதம் வந்ததில்லை. பம்பாயில் எனக்கு ஆளே கிடையாது. சலூனில் முடிவெட்டிக்கொண்டிருந்தவர் அந்தப் பையனைப் பார்த்ததாகச் சொன்னதும் கல்யாணம் நின்றதற்குப் பிறகு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆமாம் ஆமாம் என்று அவர் சேர்த்துக்கொண்டது. அந்த மூன்றாம் ஓலை அன்று காலை என் சட்டைப் பையில் அந்த அழைப்பிதழ் இருந்தது. மொட்டைப் பெயர். அப்போதிருந்த ஐயர் தடை உண்டா என்று கேட்டு நிறுத்தினார். நான் எழுந்தேன். எழும்போது என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பார்த்த பிறகுதான் பம்பாய் வந்தது.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

காலை எட்டு மணி ஆராதனை. சபை நிறைந்து வாசல்வரை ஐந்நூறு பேர். வாலிபால்காரனும் மற்றவனும் எனக்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்தார்கள். பியூலா பாடகர் குழுவில் இல்லை, அக்காவோடு உட்கார்ந்திருந்தாள். அக்காவின் கை அவள் மடியில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் கடைசி வரிசையில், புதுச் சட்டையில்.

மூன்றாம் ஓலை. ஐயர் கேட்டார், நிறுத்தினார்.

பியூலாவுக்குத் தலையாட்டியது எனக்கு ஞாபகம் இருந்தது. எந்திரிக்காமல் இருப்பது எவ்வளவு சுலபம், இரண்டு எண்ணுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது முதல் தடவையாக அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அது மரியாதை இல்லை. நாய் கடிக்குமா கடிக்காதா என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

எழுந்தேன். வாலிபால்காரன் இழுத்ததில் சட்டைப் பை கிழிந்தது. பெண்கள் பக்கம் யாரோ ஆண்டவரே என்றார்கள். மைக் ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது, எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசிய பேச்சிலேயே சின்னது இதுதான்.

“தடை ஒன்னும் இல்ல ஐயா. அன்னைக்கும் இல்ல. அன்னைக்கு நான் சொன்னது பொய்.”

உட்கார்ந்துவிட்டேன். சபை எழுந்து நின்று...

இல்லை. யாரும் எழுந்து நிற்கவில்லை. நான் மட்டும்தான் நின்றேன். ஐந்நூறு பேரும் இல்லை, இருநூறு இருக்கும். ஐயர், இது மூன்றாம் ஓலை என்று சொல்லி அடுத்த பாட்டின் எண்ணை வாசித்தார். குரல் நடுங்கியது அவருக்கு. எனக்கில்லை. எனக்கும் கொஞ்சம்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றபோது பியூலா வந்தாள். அணைத்துக்கொள்வாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

“எந்திரிக்காதீங்கன்னுதானே மாமா சொன்னேன்?”

“ஆமா.”

“அவரு வீட்டாளுங்க என்னன்னு கேக்காங்க, அவருதான் சொல்லிக்கிட்டிருக்காரு. மூணு வார்த்தை சொல்லுததுக்குள்ள எனக்கு உயிரு போயிட்டு. உங்களுக்கு எதையுமே எல்லாரும் பார்க்கத்தான் செய்யத் தெரியும் என்ன?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள்.

“இருபத்தொம்பதாம் தேதி கல்யாணத்துக்கு மைக் செட்டு கொண்டு வாங்க. செட்டு பேசட்டும், நீங்க பேச வேண்டாம்.”

அக்கா அருகில் வரவில்லை. தூரத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். அந்தச் செருப்புத்தான்.

ஏப்ரல் 25

அழைப்பிதழ் வந்தது. புஷ்பம் வாங்கி வைத்திருந்தாள். அச்சடித்தது போன மாதமே என்பதால் என் பெயர் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் கண்ணாடி போட்டு மூன்று தடவை பார்த்தேன். இல்லை. உறையின் மேல் அக்காவின் கோணல் எழுத்தில் ‘தம்பி ஞானாபரணம்’ என்று இருந்தது. பின்னால் வால் ஒன்றுமில்லை. வால் வைக்க இடமும் இல்லை, உறை சின்னது.

நோட்டில் அக்கா குடும்பத்துக்குப் போட்ட இரட்டைக் கோட்டை அழிக்கப் பார்த்தேன். மையில் எழுதியது, அழியவில்லை. அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். கோடு போடவில்லை. அது என் கையில் இல்லை.

ஏப்ரல் 29, திங்கள்

கல்யாணம்.

இதுவரை நான் கட்டிய செட்டுகளிலேயே இதுதான் சிறந்தது. நாலு குழாய், இரண்டு பெட்டி. ஐயர் மூச்சுவிட்டால் முச்சந்தியில் கேட்டது. புஷ்பம் முச்சந்திவரை போய்ப் பார்த்துவிட்டு, பாதித் தெருவரைக்கும்தான் கேட்கிறது என்றாள். பாதித் தெரு.

எழுதியே ஆக வேண்டியது ஒன்று. மணமக்களை நிறுத்திவைத்து, தாலி கட்டுவதற்கு முன் ஐயர் கடைசியாக இன்னொரு தடவை கேட்பார், தடை உண்டா என்று. எனக்கு அது முன்பே தெரியும். அதனால் பெஞ்சில் உட்காரவில்லை. தூணோரம் தரையில் சம்மணம் போட்டு, ஆம்ப்ளிபயரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பதினெட்டுக் கிலோ. நினைத்தாலும் எழ முடியாது. சூட்டில் தொடை வெந்தது.

ஐயர் கேட்டார். நிறுத்தினார். இந்தத் தடவை சபை என் பக்கம் திரும்பவில்லை. பியூலா மட்டும் முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்தாள். முதலில் என் பெஞ்சைப் பார்த்தாள், அது காலியாக இருந்தது. முகம் மாறியது. பிறகு கண் கீழே இறங்கி, மடியில் பெட்டியோடு என்னைக் கண்டுபிடித்தது. அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது. திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள்.

அந்தக் கல்யாணத்தில் பெரிய பெரிய ஆட்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப்போல உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை. இதைப் புஷ்பமும் ஒப்புக்கொண்டாள்.